இரண்டே கால் நாள் தாடி

ஜானகிராமனின் தாடி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிறக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் ஊரப்பாக்கத்தில் அவன் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்று, எல்லோர் பார்வையிலும் பட்டு, சோறு தின்றுவிட்டுத் திரும்பும். புதன்கிழமை விடியும்போது அதன் ஆயுள் முடிந்திருக்கும். 1997 நவம்பரில் தொடங்கி அடுத்த மார்ச் வரை, வாரம் தவறாமல் பிறந்து பிறந்து செத்த தாடி அது. அவன் பிழைப்பும் பெண்டாட்டியின் நிம்மதியும் அந்த வருஷம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அதற்கு முன்னால் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் வேலையை அவன் செய்ததே இல்லை. இருபத்தெட்டு வயது வரைக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை சலூன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். அப்போது அவன் பொத்தேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தான். பரீட்சைக்கு முந்தின நாள் பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடிவரும் நோட்டுகளை நகல் எடுத்து எடுத்து, தானும் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்து முடித்தாகிவிட்டது, பட்டம் மட்டும்தான் இன்னும் கைக்கு வரவில்லை என்று சொல்லிக்கொள்வான். கடையை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பிருந்த அரிசி மில்லையும் மூடினார்கள். அதற்கும் முன்பிருந்த மரக்கடையையும் மூடினார்கள். அவன் கால் வைத்த இடம் எதுவும் இரண்டு வருஷம் தாங்காது என்று அவன் மனைவி சரோஜா விளையாட்டாகச் சொல்லிவந்தவள், மூன்றாவது கடையும் மூடியபிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஆகவே மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக இருந்த ஒரு பெரிய ஓட்டலில் சாப்பாடு பரிமாறும் வேலை கிடைத்தபோது, இது மூடாத இடம் என்பதை முதலில் கவனித்தான். கடலை யார் மூடுவது. வெள்ளைக் கோட்டு, சிவப்புத் தலைப்பாகை, தங்க இடம், சாப்பாடு. ஆறு மாதம் தற்காலிகம். ஏப்ரல் மாதம் பிறக்கும்போது பர்மனென்ட் கடிதம் வரும், அல்லது வராது. பொத்தேரி அறையைக் காலி செய்துவிட்டு, நாலாம் மாதக் கர்ப்பிணியான சரோஜாவை ஊரப்பாக்கத்தில் அவள் அம்மா சின்னப்பொண்ணு வீட்டில் விட்டுவிட்டு, அக்டோபர் முதல் தேதி வந்து சேர்ந்தான்.

அந்த ஓட்டலில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் ஆபிரகாம். கேப்டன் என்று கூப்பிடுவார்கள். ஜானகிராமனைவிட நாலைந்து வயதுதான் அதிகம். காலை ஆறே காலுக்கு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு கொஞ்சம் பிய்த்து, ஒவ்வொருவன் கன்னத்திலும் காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் ஓர் இழுப்பு இழுப்பார். பஞ்சின் ஒரே ஓர் இழை ஒட்டினாலும் அன்றைக்கு விருந்தினர் கண்ணில் படக் கூடாது. லினன் ரூம் என்கிற துணி அறையில் உட்கார்ந்து மேசைவிரிப்பு மடிக்க வேண்டும். அடிக்கடி ஒட்டுகிறவனுக்கு ஏப்ரலில் கடிதம் இல்லை.

முதல் நாள் ஜானகிராமன் கன்னத்தில் இழுத்த பஞ்சு, அங்கேயே தங்கிவிட்டது.

"இன்னா மச்சான், மூஞ்சில நாத்து நட்டு வெச்சிகினு வந்துகீறே?"

"நேத்து சாய்ந்தரம்தான் கேப்டன் சலூன்ல பண்ணிகினேன்."

"நேத்து துன்னதுக்கு இன்னிக்கி பசிக்காம கீதா?"

மாமல்லபுரத்து சலூன்கள் ஏழு மணிக்குத்தான் திறக்கும். செவ்வாய்க்கிழமை திறக்கவே திறக்காது. வேறு வழியில்லாமல் கூட இருந்த பையன்கள் வைத்திருந்த மாதிரி, ரெண்டு பிளேடு பதித்த பிளாஸ்டிக் ரேசர் ஒன்று வாங்கினான். மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் கழுத்தெல்லாம் வேர்க்குரு போலச் சிவந்து, முடி வெளியே வராமல் தோலுக்கு உள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டது. சிவந்த இடத்தை விட்டுவிட்டு மழித்தால் பஞ்சு ஒட்டியது. விடாமல் மழித்தால் ரத்தம் வந்தது. அந்த வாரம் அவன் மடித்த மேசைவிரிப்புகளை வரிசையாக விரித்தால் கடற்கரைக் கோயில் வரைக்கும் போகும்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஃபேன்சி ஸ்டோரில் போய் நின்று கழுத்தைக் காட்டினான். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் நாலு சாமான் எடுத்து வைத்தார். திருகிப் பிரிக்கிற இரும்பு ரேசர், ஒரு பாக்கெட் பிளேடு, கிண்ணத்தில் சோப்பு, பன்றிமுடி பிரஷ். ஐந்தாவதாக ஒரு துண்டு படிகாரத்தையும் போட்டு, "மொத பத்து நாளைக்கி இது நெறைய வேணும்," என்றார்.

சரியாகத்தான் சொன்னார். மறுநாள் விடியற்காலை, தங்குமிடத்துக்குப் பின்னால் சவுக்கு மரத்தில் ஆணியடித்துக் கண்ணாடியை மாட்டி, கிணற்றுத் தண்ணீரில் பிரஷை நனைத்துச் சோப்பில் சுற்றினான். நுரை வரவில்லை. பத்து நிமிஷம் சுற்றினான். மோர் மாதிரி ஏதோ வந்தது. அதைப் பூசி, பல்லைக் கடித்துக்கொண்டு ரேசரை அழுத்தி இழுத்தான். ஆறே காலுக்கு வரிசையில் நின்றபோது முகத்தில் ஏழு இடத்தில் தினத்தாள் துண்டு ஒட்டியிருந்தது.

ஆபிரகாம் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார்.

"தங்கம் வெல எறங்கிகீதாமே," என்றார்.

கடலோரத்துக் கிணற்றில் உப்பு. உப்புத் தண்ணீரில் எந்தச் சோப்பும் நுரைக்காது. இது அவனுக்குப் புரிய நாலு நாள் ஆனது. லாரியில் வரும் நல்ல தண்ணீர் சமையலறை டீ பாய்லரில்தான் இருந்தது. டீ மாஸ்டரைச் சிநேகம் பிடித்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கிவந்தான். அன்று பிரஷ் சுற்றச் சுற்ற நுரை எழுந்து, கெட்டித் தயிர் போலக் கன்னத்தில் நின்றது. முடி ஊறி இளகியது. ரேசரை அழுத்தவே தேவையில்லை, அதன் கனமே போதும் என்பதைக் கை தானாகக் கண்டுகொண்டது. முதலில் மேலிருந்து கீழே. மறுபடி நுரை. பிறகு, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே. கடைசியில் குளிர்ந்த தண்ணீரும் படிகாரமும்.

பஞ்சு வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. ஆபிரகாம் நம்பாமல் இன்னொரு கன்னத்திலும் இழுத்தார். அதுவும் விழுந்தது. குனிந்து பஞ்சை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அடுத்தவனிடம் போனார்.

வேலை பிழைத்தது என்று நினைத்தான். இரண்டாவது வாரத்திலேயே வேறொன்றையும் கவனித்தான். ஐந்தரை மணிக்கு வைத்த அலாரம் அடிக்கும் முன்பே, ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறான். மழிக்கும் அந்த இருபது நிமிஷம் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. கத்தி முகத்தில் இருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. நினைத்தால் காது போய்விடும். மூடிப்போன மூன்று கடையும் ஏப்ரல் மாதமும் அந்த நேரத்தில் அவனிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றன.

அப்படியிருக்கும்போதுதான் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வார விடுமுறையில் ஊரப்பாக்கம் போனவனிடம் சரோஜா சொன்னாள்.

"அஞ்சாம் மாசம் பொறந்துடிச்சி. இனிமே நீ தலைலயும் மூஞ்சிலயும் கத்தி வெக்கக் கூடாது."

பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது என்பது ஊரில் உள்ளதுதான். ஆனால் அது ஏழாம் மாதத்துக்கு மேல். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"போன தபா நாலாம் மாசத்துல நீ போய் கிராப்பு வெட்டிகினு வந்தே. அடுத்த வாரம் இன்னா ஆச்சின்னு தெரியும்ல?"

தெரியும். முதல் பிள்ளை தங்கவில்லை. அதற்கும் கிராப்புக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சரோஜாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அவள் மனசுக்குள் கத்தரிக்கோல் சத்தம் நிற்கவில்லை. ஓட்டல் விதியைச் சொன்னால், வேலையை விட்டுவிடு என்பாள். பிள்ளை பெரிதா வேலை பெரிதா என்று கேட்பாள். நாலாவது வேலையும் இல்லாமல் ஒரு பிள்ளையை வரவேற்க அவனால் முடியாது.

"சரி," என்றான். ரயில் ஏறினான்.

தலைமுடிக்குக் கவலையில்லை, தலைப்பாகை மூடிக்கொள்ளும். தாடிக்கு ஆபிரகாமிடம்தான் போய் நின்றான். விஷயத்தை முழுக்கக் கேட்டபிறகு ஆபிரகாம், "உன் பொண்டாட்டி முழுவாம கீறதுக்கு, நான் எதுக்குடா உன் தாடிய பாக்கணும்?" என்றார்.

"திங்கக்கெழம மட்டும் என்ன லினன் ரூம்ல போட்டுடுங்க கேப்டன். ஞாயித்துக்கெழம காலைல செரச்சிட்டன்னா, செவ்வாக்கெழம மத்தியானத்துக்குள்ள கொஞ்சம் வந்துடும். எனக்கு அடர்த்தி."

"எனக்கு இன்னா கெடைக்கும்?"

சின்னப்பொண்ணு ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தாள். அவள் போடும் ஆட்டுக்கால் பாயாவுக்காகக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஆள் வரும். செவ்வாய் ராத்திரி திரும்பும்போது ஒரு தூக்கு பாயா என்று பேசி முடிந்தது.

"தாடி உன்து. மாமியா உன்து. பாயா என்து," என்றார் ஆபிரகாம். "நடுவுல மாட்டிகினா, நான் உன்ன பாத்ததே இல்ல."

முதல் செவ்வாய்க்கிழமை அவன் வாசலில் நின்றபோது சரோஜா முகம் மலர்ந்தது. கறுப்பாக, சொரசொரவென்று, ஒரு வாரத் தாடி மாதிரிதான் இருந்தது. இரண்டாவது செவ்வாய்க்கும் குறையில்லை. மூன்றாவது செவ்வாய் பக்கத்து வீட்டு அம்மாள் கோலமாவு கேட்க வந்தவள், கேட்காமல் அவன் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, உன் மாப்ளைக்கு தாடி வந்த எடத்துலயே நின்னுகினு கீது?"

நாலாவது செவ்வாய் இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ரத்தக் குறைவு என்றாள் ஒருத்தி. இல்லை, பயந்த உடம்புக்குத்தான் அப்படி என்றாள் இன்னொருத்தி. அவர்கள் போனபிறகு சரோஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒழுங்கா துன்றியா இல்லியா நீ? பெத்து குடுக்கறப்ப புள்ளைக்கு அப்பன் வேணும்," என்றாள். எந்தப் பயத்தை மறைக்க அவன் இந்தக் கூத்தெல்லாம் போட்டானோ, அந்தப் பயமே வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை சின்னப்பொண்ணு ஒரு கிண்ணத்தில் கரிசலாங்கண்ணித் தைலத்தோடு காத்திருந்தாள்.

"உக்காருங்க மாப்ள. முடி வளர்றதுக்கு தேச்சி வுடறேன்."

அவன் உட்கார்ந்தான். அவள் உள்ளங்கையில் தைலத்தை ஊற்றி அவன் தாடையில் வைத்து ஒரு தேய் தேய்த்தாள். கை நின்றது. மறுபடி, மெதுவாக, எதிர்ப்பக்கமாக ஒரு தேய். தினந்தோறும் அறுபது ஆட்டுக்காலைத் தீயில் வாட்டிச் சுரண்டி, ஒரு முடி இல்லாமல் தடவிப் பார்த்துச் சட்டியில் போடும் கை அது. தானாக வளர்ந்த முடியின் நுனி எப்படி இருக்கும், வெட்டுப்பட்ட முடியின் நுனி எப்படிக் குத்தும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கொல்லப்பக்கம் வாங்க. வெறகு எடுத்து போடணும்," என்றாள்.

கொல்லையில் விறகைத் தொடாமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெனமுமா? ஒருநாள் வுட்டு ஒருநாளா?"

ஜானகிராமன் தென்னைமரத்தைப் பார்த்தான். தென்னைமரம் உதவிக்கு வரவில்லை.

"தெனமும், அத்த."

"வெள்ளி செவ்வாகூடவா?"

"செவ்வாக்கெழமயும் திங்கக்கெழமயும் இல்ல. அதான் இது," என்று தாடையைத் தொட்டுக் காட்டினான். பஞ்சையும் ஏப்ரல் மாதத்தையும் சொன்னான். சின்னப்பொண்ணு கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளுக்கு உதட்டோரம் துடித்தது.

"மூணு நாள் முடிக்கி அஞ்சு வாரமா எங்கள ஏமாத்திகினு கீறீங்க," என்றாள். "வேல முக்கியந்தான். அவ மனசும் முக்கியம். எனக்கு தெரிஞ்சது தெரிஞ்சதா இருக்கட்டும். அவளுக்கு தெரியக் கூடாது. பெத்து எழுந்திரிக்கிற வரிக்கும் தெரியக் கூடாது."

அன்றிலிருந்து தாடி மாமியார் பொறுப்புக்குப் போனது. மாப்பிள்ளை வந்தவுடன் முகம் கழுவக் கொல்லைக்கு அழைத்துப்போவாள். தைலத்தில் வாணலிக் கரியைக் குழைத்துத் தாடையில் இழுப்பாள். சாப்பாட்டு இலையை ஜன்னல் வெளிச்சம் படாத மூலையில் போடுவாள். அக்கம்பக்கத்தில், "அவங்க வம்சமே அப்டிதான், இத்துனூண்டு வந்துட்டு நின்னுடும்," என்று சொல்லிவைத்தாள். இதெல்லாம் அவனுக்குச் சம்மதம். ஆனால் வாராவாரம் ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயமும் நீட்டினாள். அது நாக்கில் பட்டால் மறுநாள் வரைக்கும் காப்பியும் கசக்கும்.

"அதான் உங்களுக்கு தெரியுமே அத்த, இது எதுக்கு?" என்று கிசுகிசுத்தான்.

"ஊரு பாக்கணும்ல. குடிங்க," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அஞ்சு வாரத்துக்கும் சேத்து," என்றாள்.

இப்படியே பொங்கல் போனது, வளைகாப்பு போனது, மாசி போனது. பிரசவத்துக்கு ஏப்ரல் முதல் வாரம் என்று நாள் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் இரண்டு நாள் லீவு போட்டு நல்ல தாடியாக ஒன்று வளர்த்துவிடலாம் என்று ஜானகிராமன் கணக்குப் போட்டிருந்தான். பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓட்டல் வரவேற்பறைக்குப் போன் வந்தது.

"மாப்ள, வலி எடுத்துடிச்சி. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டோம்," என்றாள் சின்னப்பொண்ணு. பூத்துக்கு வெளியே பஸ் ஹார்ன் கேட்டது. "மூஞ்சி எப்டி கீது?"

"காலைலதான் அத்த."

"சுத்தமாவா?"

"பஞ்சு ஒட்டல."

"இன்னா பண்ணுவியோ எனக்கு தெரியாது. உள்ள போறதுக்கு முந்தி உன்ன ஒருதபா பாக்கணும்னு சொல்லிகினு கீறா." கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

விஷயம் தெரிந்ததும் ஆபிரகாம் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் கஞ்சி போட்ட பெரிய வெள்ளை மேசைத்துணி ஒன்றை எடுத்து, முக்கோணமாக மடித்து, அவன் தாடைக்குக் கீழே கொடுத்து, இரண்டு கன்னத்தையும் மூடி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். முடிச்சின் இரண்டு நுனியும் முயல்காது மாதிரி நிமிர்ந்து நின்றன.

"பல்வலி," என்றார். "வாயத் தொறக்காத."

பஸ்ஸில் அவனைத் தவிர எல்லோரும் வாயைத் திறந்தார்கள். கண்டக்டர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். பின்சீட்டுக்காரர் ஒருவர் சுருட்டைப் பற்றவைத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார். பூக்கூடை வைத்திருந்த அம்மாள் சுருக்குப் பையிலிருந்து கிராம்பு எடுத்து, அவன் மறுக்க மறுக்க வாயில் திணித்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மூன்று பேருடைய கிராம்பு வாயில் இருந்தது. நாக்கு மரத்துப்போய், இல்லாத பல்வலி கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வந்தது.

சரோஜா தாழ்வாரத்தில் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தவள், அவனைப் பார்த்ததும் வலியை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாய்யா இது கோலம்?"

"பல்லு," என்றான். கிராம்பால் அது வேறு மாதிரிக் கேட்டது.

"தாடி?"

"உள்ள கீது."

"எங்க, காட்டு."

"அவுத்தா காத்து பட்டு வீங்கிடும்டி," என்றாள் சின்னப்பொண்ணு. "இப்பதான் தாடிய பாக்கற நேரமா? மூச்ச இழுத்து வுடு."

"கத்தி வெக்கல இல்ல?"

கண் கலங்கிப் போய்க் கேட்டாள். முகம் முழுக்க வேர்வை. ஜானகிராமன் அத்தனை மாதமும் சொன்ன பொய்யில் இதுதான் சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. தலையை ஆட்டினான். முயல்காது ஆமாம் என்றும் ஆடியது, இல்லை என்றும் ஆடியது. அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, கண்ணை மூடிக்கொண்டாள். ஆயா வந்து உள்ளே அழைத்துப் போனாள். கதவு மூடியது.

அதன் பிறகு மூன்று மணி நேரம் அவன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது ஆனால் அந்த ரேசரால்தான் என்று அவள் நினைப்பாள். அதைவிட மோசம், தானும் அப்படித்தான் நினைப்போம் என்று அவனுக்கே தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் உதவவில்லை. அந்த வழியாகப் போன ஒரு நர்ஸ் அவன் கட்டைப் பார்த்து, பல் டாக்டர் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார், இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை வந்தபோது, "போய்ட்டு வந்துட்டேன் சிஸ்டர், புடுங்கிட்டாங்க," என்று இல்லாத பல்லைப் பிடுங்கிப் போட்டான்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. பெண் பிள்ளை. இருவரும் நலம். சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்த கையோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் இன்னா நின்னுகினு கீறீங்க? போய் செரச்சிகினு வாங்க."

ஜானகிராமன் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், மேசைத்துணியை அவிழ்த்து, மடித்து, பையில் வைத்தான். ஒரு டீ குடித்தான். நியாயமாக இருக்கட்டும் என்று இன்னொரு டீயும் குடித்துவிட்டு, வழுவழுவென்ற முகத்தோடு திரும்பி வந்தான்.

சரோஜா வார்டில் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு சின்ன முகம், யாரோடோ சண்டைக்குப் போகிற மாதிரி சுருங்கி இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சரோஜா அவனைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள எடுத்துட்டு வந்துட்டியா?"

"புள்ள பொறந்த சந்தோஷம்," என்றாள் சின்னப்பொண்ணு.

சரோஜா சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. "இன்னிக்கி இன்னா கெழம?"

சின்னப்பொண்ணு குழந்தையின் துணிச்சுருளைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"பொட்டப்புள்ள, மகாலட்சுமி மாரி வந்துகீது. வெள்ளிக்கெழமயும் அதுவுமா மூஞ்ச வழிச்சிகினு வந்து நிக்கிறியே," என்றாள். மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். அதற்குப் பரிகாரத்தையும் சரோஜாவே சொன்னாள். நாற்பத்தெட்டு நாள் தாடி வளர்த்து, திருப்போரூர் முருகனுக்கு மொட்டை போட வேண்டும். இன்றிலிருந்தே கத்தி தொடக் கூடாது.

கடிதம் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. நாலு மாதம் கரி பூசிக் காப்பாற்றிய வேலை, குழந்தை பிறந்த அரைமணி நேரத்தில் முருகன் பேரால் போகப் பார்த்தது.

"தீட்டுல வேண்டுதல் ஆரம்பிப்பாங்களாடி?" என்றாள் சின்னப்பொண்ணு, கொட்டாவி விடுகிற மாதிரி. "பதனாறு நாள் கழியட்டும். தலைக்கி தண்ணி ஊத்திகினு அப்புறம் நாள் எண்ணு. சாமி எங்கயும் ஓடிடாது."

சாஸ்திரத்தைச் சாஸ்திரத்தால் அடித்தபிறகு சரோஜா என்ன சொல்வாள். சரி என்றாள்.

ஏப்ரல் முதல் தேதி காலையில் ஆபிரகாம் வரிசையில் நின்ற ஜானகிராமன் கன்னத்தில் பஞ்சை இழுத்தார். அது விழுந்ததும் ஓர் உறையை நீட்டினார். முட்டாள்கள் தினமாயிற்றே என்று அவன் அதை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டான். மேனேஜர் வந்து சொன்னபிறகுதான் பிரித்தான். பர்மனென்ட் கடிதம்தான். அடுத்த வாரமே போய், நாற்பத்தெட்டு நாள் தாடி வளர்க்க அனுமதி கேட்டான்.

ஆபிரகாம் அவனை வெகுநேரம் பார்த்தார். "நீ ஒரு மனுசன்தானா இல்ல ரெண்டு பேரா?" என்றவர், துணி அறைச் சாவியைக் கையில் கொடுத்தார். பாயா தொடர வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த நாற்பத்தெட்டு நாளில்தான் ஜானகிராமனுக்குத் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்தது. இனிமேல் மழிக்க வேண்டியதே இல்லை, ஏழு மணி வரைக்கும் தூங்கலாம். தூக்கம் ஐந்து மணிக்கே போய்விட்டது. சும்மா படுத்திருக்க முடியாமல் எழுந்து, டீ மாஸ்டரிடம் வெந்நீர் வாங்கிவந்து, சவுக்கு மரத்தடியில் கிண்ணத்தில் நுரை சுற்றினான். சுற்றிய நுரையை வீணாக்குவானேன் என்று பக்கத்து அறைக்காரனைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். மறுநாள் இன்னொருவன் வந்தான். கழுத்தில் பரு இருந்தவர்கள் வந்தார்கள். பஞ்சுக்குப் பயந்தவர்கள் வந்தார்கள். ஒருவன், காதலியின் அப்பாவைப் பார்க்கப் போகவேண்டும் என்று வந்தான். மே மாதம் முடிவதற்குள் அந்தத் தங்குமிடத்தில் எட்டுப் பேரிடம் இரும்பு ரேசர் இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் நடுவில் வாத்தியார் மட்டும் தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் நால்வருமாகத் திருப்போரூர் போனார்கள். குழந்தை சரோஜாவின் தோளில் இருந்தது. மொட்டை போடுகிறவர் அவன் தலையை ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டு, தாடியில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துக் கத்தியை வைத்தார். ஜானகிராமனால் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் ஊற வுடுங்க அண்ணாத்த. மேல இருந்து கீழ மொதல்ல."

"பின்னால இருபது பேரு கீறாங்க. குனி."

"தோல இழுத்து புடிச்சா முள்ளு முள்ளா நிக்காது."

அவர் கத்தியைத் தரையில் வைத்தார். "இவ்ளோ தெரிஞ்சவன் நீயே பண்ணிக்கோ. புது பிளேடு போட்டு தரேன்."

அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். யாரோ ஒருவரின் குளியல் சோப்பை வாங்கி உள்ளங்கையில் நுரையாக்கி, தாடி முழுக்கப் பூசி, விரலால் சுற்றிச் சுற்றி ஊறவைத்தான். பக்கத்தில் கண்ணாடிகூட இல்லை. காதோரத்தில் தொடங்கி, இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை அழுத்தாமல் இறக்கினான். மறுபடி நுரை. கீழிருந்து மேலே. உதட்டுக்கு மேலே மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று சின்ன இழுப்பு. கழுத்தில் அடிமட்டத்தில் ஒரு வளைவு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மொட்டை போடுகிறவரே தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஜானகிராமனுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் நினைவில்லை.

குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த சரோஜாவின் கை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சலூனுக்குத்தான் போவான் என்று தெரிந்தவள் அவள். அவன் விரலையே பார்த்துக்கொண்டு, அம்மாவிடம் கேட்டாள்.

"எம்மா. நான் வுட்ட அந்த பதனாறு நாள்ல வந்த கையா இது?"

சின்னப்பொண்ணு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். அதில் எத்தனை புறா உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஜானகிராமன் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்தான். மொட்டைத் தலையும் வழித்த முகமுமாகப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. அவள் அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தோளில் வாயைத் திறந்து தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை கொழுகொழுவென்றுதான் இருந்தது.

"எத்தினி மாசமா?" என்றாள்.

"அக்டோபர்லருந்து."

சரோஜா பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொறுமையாகப் பார்த்தாள்.

"இங்க ஒரு எடத்துல வுட்டுட்டே," என்றாள்.

"எங்க?"

"நீயே தேடு."

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு சந்நிதிப் பக்கம் நடந்தாள். அவன் தடவிக்கொண்டே பின்னால் போனான். மூக்கடி, காதோரம், கழுத்து, தாடைக்குக் கீழே என்று அன்று சாயங்காலம் வரைக்கும் தடவிப் பார்த்தான். எங்குமே இல்லை.